எட்டிலிருந்து ஏழு

துணையை இழந்து தனியாக இருப்பவர்களிடம் வாரம் ஒருமுறை போனில் பேசினால் துக்கம் குறையுமா என்று ஏற்காட்டு மலைக் கிராமங்களில் எங்கள் துறை ஓர் ஆய்வு செய்தது. துக்கம் எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு மார்க் சொல்ல வேண்டும். கணக்குப் போடுவது என் வேலை.

போன் வந்தவர்களுக்குச் சராசரியாக ஒரு மார்க் குறைந்திருந்தது. பேராசிரியருக்கு அது போதவில்லை. மார்க்குகள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கத்தால் அதை வகுத்து, பலன் பெரிதா சிறிதா என்று சொல்லும் விளைவளவாகக் காட்டச் சொன்னார். வகுத்தேன், 'மிகப் பெரிது' என்று வந்தது. வராமல் என்ன செய்யும்? எங்கள் மலைக்காரர்கள் வெளியாளிடம் துக்கத்தை ஏற்றியும் சொல்ல மாட்டார்கள், இறக்கியும் சொல்ல மாட்டார்கள். எல்லோரும் ஏழு, எட்டு என்று ஒரே இடத்தில் நின்றார்கள். சிதறல் அவ்வளவு சின்னதாக இருந்தால் எந்த வித்தியாசமும் பெரிதாகத்தான் தெரியும். இதைச் சொன்னேன்.

"பெருசாத்தான வருது, அப்புறம் என்னம்மா?" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மார்க் குறைந்தால் ஒரு மனுஷிக்கு என்ன குறைகிறது என்று தெரியாமல் பெரிது, சிறிது என்று எழுத முடியாது என்று சொல்லிவிட்டு, மறுநாளே மாரமங்கலத்துக்கு பஸ் ஏறினேன்.

அங்கே ஓர் அம்மாள் எட்டிலிருந்து ஏழுக்கு வந்திருந்தார். அவருடைய கணவர் மிளகு விற்கச் சேலத்துக்குப் போன இடத்தில் நெஞ்சுவலி வந்து இறந்துபோனவர். பனி இறங்கத் தொடங்கியதால் என்னை உள்ளே உட்காரவைத்துக் கதவைத் தாழிட்டுவிட்டு, காப்பி கொடுத்தார்.

"ஏனுங்கம்மா, எட்டுன்னு சொன்னீங்களே, அப்ப எப்படி இருந்துச்சுங்க?"

"சாயங்கால பஸ்ஸு சத்தங் கேட்டா போயிக் கதவத் தொறந்து வெப்பேன் கண்ணு. அவரு அதுலதான ஊட்டுக்கு வருவாரு."

"இப்ப ஏழுங்களே?"

"இப்பவும் எந்திரிப்பேன். தாப்பாகிட்டப் போனதும் கை நின்னுருது. அந்தப் புள்ள போன்ல பேசிப் பேசி, அவரு இல்லைன்னு புத்தியில ஏறிருச்சாட்ட இருக்குது."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தேடி வந்தது கிடைத்துவிட்டது. ஒரு மார்க் என்றால் திறக்காமல் விட்ட ஒரு கதவு.

அப்போது வளைவில் பஸ் சத்தம் கேட்டது. அந்த அம்மாள் எழுந்து போனார். தாழ்ப்பாளில் கை வைத்து நின்றார். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்தார். வெளியே யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கதவுக்கு முதுகைக் காட்டி உட்காரப் பயமாக இருந்தது. நகர்ந்து சுவரோரமாக உட்கார்ந்தேன்.

"இன்னுங் கொஞ்ச நாளு பேசுனா இது பூஜ்யத்துக்கு வந்துருமா கண்ணு?"

"வந்துருங்கம்மா. அப்புறம் பஸ் வந்தாக்கூட எந்திரிக்க மாட்டீங்க. நல்லாத் தூக்கம் வருங்க."

அந்த அம்மாள் என் காப்பி டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தார்.

"நான் தூங்கிருவேன் கண்ணு. அவரு வந்து, கதவு சாத்திக் கெடக்கறதப் பாத்துட்டு, எங்க போவாரு?"

ஒரு மார்க் குறைந்தது என்று மட்டும் எழுதுவேன், முன்னேற்றம் என்று எழுத மாட்டேன் என்று அங்கேயே முடிவு செய்தேன். சற்றுமுன் வந்த பஸ் திரும்பிப் போகும் நேரமாகிவிட்டது. சொல்லிக்கொண்டு எழுந்து, தாழ்ப்பாளை நானே நீக்கி வெளியே வந்தேன். பனி வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. கதவைச் சாத்த எனக்கு மனம் வரவில்லை. அந்த அம்மாளும் எழுந்து வந்து சாத்தவில்லை.