கடைவாய்ப்பல்லை விடமாட்டேன்

ஈறில் ரத்தம் கசிந்தால் அந்தப் பக்கம் பிரஷ் படக் கூடாது என்பார்கள் எங்கள் தெருவில். நானும் நம்பி, நாலு மாதம் கீழ்க் கடைவாய்ப்பல்லைத் தேய்க்காமல் கிராம்பை அடக்கிக்கொண்டே திரிந்தேன். பல் ஆட ஆரம்பித்தது.

"இன்னா மச்சான், இன்னும் அத்த கட்டிகினு அழுவுற? புடுங்கிப் போட்டுட்டு பிரியாணி துன்னு," என்றார் பக்கத்துக் கடைக்காரர். எனக்குக் கோபம் வந்தது. ஐம்பது வருடமாக எனக்காக மென்ற பல் அது.

ராஜகீழ்ப்பாக்கத்தில் பல் டாக்டரம்மா எக்ஸ்ரேயைக் காட்டினார்.

"வேரைச் சுத்தி மெல்லிசா ஒரு ஜவ்வு இருக்கு சார். அதுல இருக்கற செல்கள்தான் பல்லை எலும்போட பிடிச்சு வெச்சிருக்கு. கிருமி வந்தா, அதே செல்கள்தான் உடம்போட படையையும் கூப்பிடும். கிருமி போகலைன்னா சண்டை நிக்காது. ஈறு வீங்கும், எலும்பு கரையும்."

"அப்போ வாட்ச்மேனே வூட்ட இடிக்கிறான்."

"அவனைத் திட்டாதீங்க. நாலு மாசம் அழுக்கைச் சேர்த்தது நீங்க."

நாக்கால் அந்தப் பல்லைத் தடவிப் பார்த்தேன்.

"எடுத்துடலாமா சார்? அதுதான் சுலபம்."

"மாட்டேன்மா. அழுக்கை எடுங்க, பல்லை விடுங்க."

"ஈறுக்குள்ள போய்ச் சுரண்டணும். அப்பவும் பல் நிக்கும்னு உறுதி கிடையாது."

"நிக்கலைன்னா அது தானா விழட்டும். நானா புடுங்கக் குடுக்க மாட்டேன்."

அவர் சிரித்தபடி ஊசியை எடுத்தார். "மரத்துப் போகும். அப்படியும் வலிச்சா கையைத் தூக்குங்க."

இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தேன்.