காசி அல்கோ

கனடாவில், முதியோர் இல்லமொன்றின் சலவை அறையில் எனக்கு வேலை. படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளை நான் பிடிப்பேன், மற்ற இரண்டையும் ஒரு கொலம்பியாக்காரி பிடிப்பாள். மடிக்கிற நேரமெல்லாம் தன் ஸ்பானிய மொழியின் காதல் கொச்சைகளைச் சொல்லித் தருவாள். 'லிகார்' என்றால் நாங்கள் சொல்லும் சுழட்டுவதுதான், ஒருவர் பின்னால் சுற்றி மடக்குவது. ஊருக்குத் தெரியாமல் வைத்திருக்கும் ஆள் 'தினியெப்லோ', அதாவது இருட்டுக்காரன். உங்களிடமும் இப்படிச் சொற்கள் இருக்குமே என்றாள். யோசித்துப் பார்த்தேன். சுழட்டுவதற்கும் கலியாணத்துக்கும் நடுவே எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

அந்த நடுவில்தான் நான் இருந்தேன். நாற்பதைத் தாண்டியவள், மணமுறிவு ஆனவள். ஒஷாவாவில் இருந்த ஒருவருடன் இரண்டு வருடமாகப் பழக்கம். அவரும் யாழ்ப்பாணத்தவர். சனிக்கிழமைகளில் கோப்பி, பிறகு என் அப்பார்ட்மென்ட். நாங்கள் ஒருவருக்கொருவர் யார் என்று ஒருமுறை கேட்டேன். "உதுக்கெல்லாம் ஏனப்பா பேர்?" என்றார். நானும் விசரி மாதிரிச் சிரித்தேன்.

இதைக் கேட்ட கொலம்பியாக்காரி, "காசி அல்கோ" என்றாள். என் காதில் காசிதான் விழுந்தது. சாமியாராய்ப் போகச் சொல்கிறாளாக்கும் என்று நினைத்தேன். 'கிட்டத்தட்ட ஏதோ ஒன்று' என்று அதற்குப் பொருளாம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. இரண்டு வருடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பேர் அது.

போன தை மாதம் றிச்மண்ட் ஹில் கோயிலில், சப்பாத்து கழற்றும் இடத்தில், அவரைத் தாயாருடன் கண்டேன். என்னையறியாமல் சிரித்துவிட்டேன். தாயாரும் சிரித்து, "ஆர் தம்பி இவ?" என்றார்.

சிநேகிதி என்றிருந்தாலே எனக்குப் போதும்.

"தெரியேல்லை அம்மா" என்றார் அவர். குனிந்து தாயாரின் சப்பாத்தைக் கழற்றினார்.

"ஓம் அன்ரி, ஆள் மாறிப் போச்சு" என்று நானே சொன்னேன். அவரைக் காப்பாற்ற எனக்கு அவ்வளவு அவசரம். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல்தான் ஆத்திரம் வருகிறது.

திங்கட்கிழமை விரிப்பை மடிக்கும்போது கொலம்பியாக்காரி வழக்கம்போலக் கேட்டாள், உன் காசி அல்கோ எப்படி என்று.

"காசி நாடா" என்றேன். நாடா என்றால் ஒன்றுமில்லை. அதையும் அவள்தான் சொல்லித் தந்தவள்.

நான் பிழைவிட்டேன் என்று நினைத்து, "அல்கோ, அல்கோ" என்று சிரித்தபடி திருத்தினாள்.

நான் சரியாகத்தான் சொன்னேன் என்றேன். என் பக்கத்து முனைகளை அவள் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த விரிப்பை எடுத்தேன்.