ஆறாயிரம் மீட்டர்

மீட்டர் அண்ணனின் வலது கை, விளையாட்டு விமானத்தின் கைப்பிடியில். இடது கை ஸ்டாப்வாட்சில். மின்விசிறி ஓடக்கூடாது; அந்த இரைச்சலில் எஞ்சின் ஒலி காதில் விழாதாம். வேர்த்து வழிகிறது. கணினித் திரையில் பழைய போர் விமானம் ஒன்று கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏறிக்கொண்டிருக்கிறது. அரை டேங்க் எரிபொருள், ஒரே வேகம். இது பத்தாவது ஏற்றம்.

“ஏழு நிமிஷம் அம்பத்தெட்டு. திருட்டுப் பசங்க!”

திட்டு, விளையாட்டைத் தயாரித்தவர்களுக்கு. அந்த விமானத்தின் பழைய கையேடு ஆறு நிமிடம் நாற்பது நொடி என்கிறது. போன மாதம் விளையாட்டைப் புதுப்பித்தார்கள். அன்றிலிருந்து நாலாயிரம் மீட்டரைத் தாண்டினால் திணறுகிறது. மூன்று புகார் எழுதினார். மூன்றுக்கும் ஒரே பதில்: கோளாறு இல்லை.

பிழைப்புக்கு அவர் டீசல் மெக்கானிக். அங்கேயும் கறார்தான். உச்சி வெயிலில் வண்டியைக் கொண்டுவந்து இழுவை இல்லை என்று நிற்பவரைத் திருப்பி அனுப்பிவிடுவார். “வெயில்ல எஞ்சினுக்கும் மூச்சு வாங்கும்யா. காலையில கொண்டா, பாக்கறேன்.”

ஹெட்போனில் அணித் தலைவன் வந்தான். “மீட்டர் அண்ணே, ஞாயித்துக்கிழமை போட்டிக்கு உங்க விமானம் வேணாங்கறாங்க நம்ம பசங்க. நீங்களும் எங்களோட கீழயே பறந்துடுங்களேன்?”

“கீழ பறக்க நான் என்ன கொசுவா? நம்ம தலைக்கு மேல எவன் நிக்கறான்னு யாரு பாக்கறது? நாலாவது புகார் போடறேன், நாறட்டும். இரு.”

அவருடைய அளவை நம்பி, அணியின் பதினாறு பேரும் முந்தைய மூன்று புகாரிலும் தங்கள் பெயரைச் சேர்த்திருந்தார்கள். மைக்கை அணைத்துவிட்டு, பத்து ஏற்றங்களின் நேரத்தையும் வரிசையாகக் குறித்திருந்த நோட்டை இழுத்தார்.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி திரையை எட்டிப் பார்த்தாள். “ஏங்க, முன்னல்லாம் பனி மலையிலதானே ஏத்துவீங்க? இப்ப என்ன, ஒரே மணலாக் கெடக்கு?”

“போட்டி, புதுசா வந்த இந்தப் பாலைவனத்துலதான். அதான் அளக்கறதும்...”

பேச்சு பாதியில் நின்றது. பாலைவனத்தின் விவரத்தைத் திறந்தார். தரை வெப்பம் நாற்பத்தொரு டிகிரி. கையேட்டின் கணக்கோ பதினைந்து டிகிரிக்கு.

“நடுப்பகல்ல வண்டி ஏத்தியிருக்கேன். ஒரு மாசமா. நான்!” மேசையில் ஓங்கி அறைந்தார். ஸ்டாப்வாட்ச் துள்ளி விழுந்தது.

அதைப் பொறுக்கி எடுத்து, குளிர்ந்த பழைய மலைப்பகுதியில் மறுபடி ஏற்றினார். ஆறு நிமிடம் நாற்பத்திரண்டு.

“சரியாத்தானே வந்திருக்கு? அப்புறம் எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?”

“சரியா வந்ததுதான் எரியுது!”

ஹெட்போன் மறுபடி கரகரத்தது. “அண்ணே, எழுதியாச்சா? பசங்க எல்லாரும் இங்கதான் இருக்காங்க. அனுப்பிடலாமா?”

பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்கேலை எடுத்தார். நோட்டில் இருந்த பத்து வரிகளையும் ஒவ்வொன்றாக அடித்தார். நாலாவது வரியில் பேனா தாளைக் கிழித்தது, கோடு கோணவில்லை. பத்தாவதையும் அடித்துவிட்டு, மைக்கைத் திறந்தார்.