பல்பொடி கண்ட காசு

நாணயச் சங்கத்தில் அவருக்குப் பளபளா என்றுதான் பெயர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். கல்லாப்பெட்டி, கடைக் கதவு, தன் வழுக்கை, எதுவாக இருந்தாலும் துடைக்காமல் அவருக்குக் கை நிற்காது. பேசிக்கொண்டிருக்கும்போதே எதிராளியின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டுத்தான் அடுத்த பேச்சு. தங்கமான மனுஷர். ஒரே ஒரு ஆளைக் கண்டால்தான் வயிறு எரியும். அந்த ஆள் அவருடைய சகலை.

மனைவியின் தங்கையைக் கட்டியவன், லிஃப்ட் மெக்கானிக். எதையும் அலட்டிக்கொள்ள மாட்டான். சாவியைத் தொலைப்பான், யாராவது வீடு தேடி வந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்ற மறப்பான், அது பூத்துத் தள்ளும். பளபளா வேளை தவறாமல் ஊற்றிய செடியோ வாடி நிற்கும். "அவரு ராசிக்காரருங்க" என்று மனைவி சொல்லும்போதெல்லாம் இவருக்குக் காதில் புகை வரும்.

மாமனார் இரண்டு மாப்பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு வெள்ளிக் காசு கொடுத்திருந்தார். ஒரே வருஷம், ஒரே அச்சு. பளபளா தன் காசை அன்றைக்கே பல்பொடி போட்டுத் தேய்த்து மின்ன வைத்துவிட்டார். நாணயம் சேர்க்கும் பைத்தியம் அவருக்குப் பிடித்தது அதற்கப்புறம். தேய்த்த காசைச் சேகரிப்பவர்கள் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. வெள்ளி காற்றிலும் காகிதத்திலும் சும்மா கிடந்து, தானாக மெல்ல மெல்ல நிறம் ஏற வேண்டும். அப்படி ஏறிய காசு என்றால் அவர்கள் உயிரை விடுவார்கள். ஒன்றில் இருக்கும் நிறம் இன்னொன்றில் இருக்காது என்பதுதான் அதில் உள்ள மயக்கம். பளபளா தன் காசைப் பீரோவுக்குள் தள்ளிவிட்டு, சங்கத்தில் அதைப் பற்றி மூச்சே விடவில்லை.

ஒரு நாள் சகலை பழுப்பு உறை ஒன்றைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தான்.

"அண்ணே, வீடு மாத்துறப்போ அலமாரிக்கு அடியில கெடந்துச்சு. மாமா குடுத்த காசு. கெட்டுப்போச்சு போல. கொஞ்சம் துடைச்சுக் குடுங்க."

உறையைக் கவிழ்த்தார் பளபளா. விளிம்பில் கருநீலம், அதையடுத்து ஊதா, நடுவில் தேன் நிறம். அடப்பாவி! அவர் ஆயுசு பூராவும் தேடிய காசு, கவனிக்காமல் போட்டவனுக்குக் கிடைத்திருக்கிறது. துணியை எடுத்தார். ஒரு தேய் தேய்த்தால் அத்தனையும் போய்விடும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். துடைக்கச் சொன்னவன் அவன்தானே, யார் என்ன கேட்டுவிட முடியும்? துணி காசைத் தொட்டேவிட்டது.

"ஐயோ, கையை எடுங்க!"

கண்ணாடி வாங்க வந்த சங்கச் செயலாளர் அம்மா வாசலிலிருந்தே அலறினார். ஓடிவந்து காசை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தவர், "யாரோடது இது? இந்தத் தடவை கண்காட்சியில நடு மேசை இதுக்குத்தான்" என்றார்.

நடு மேசை! சங்கத்தின் சிறந்த காசுக்கு உள்ள இடம் அது. பல வருஷமாகப் பளபளாவின் காசுகளைத் தவிர வேறெதுவும் அங்கே உட்கார்ந்ததில்லை. ஊரில் அவருக்கு இருந்த ஒரே கௌரவம் அதுதான். அதையும் இவன் சும்மா இருந்தே தட்டிக்கொண்டு போவதா?

வீட்டுக்குப் போனதும் தன் காசை எடுத்தார். முட்டை அவித்து உடைத்து, காசோடு சேர்த்து ஒரு டப்பாவில் போட்டு இறுக மூடிவைத்தார். முட்டையிலிருந்து வரும் ஆவி வெள்ளிக்கு நிறமேற்றும் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தார். நாற்றம் தாங்காமல் டப்பாவைத் திறந்த மனைவி, "என்னங்க, காசை அடைகாக்க வச்சிருக்கீங்களா? குஞ்சு பொரிக்குமா?" என்றாள். "உனக்கு ஒண்ணும் தெரியாது, மூடு" என்றார். காசில் நீலமும் மஞ்சளும் ஏறிக்கொண்டிருந்தன.

கண்காட்சியன்று இரண்டு காசும் அக்கம்பக்கமாக உட்கார்ந்தன. செயலாளர் அம்மா பளபளாவின் காசை லென்ஸில் பார்த்தார். பிறகு மூக்கருகே கொண்டுபோனார்.

"நிறம் மேலாக ஒட்டிக்கிட்டு நிக்குது. அடியில பூரா தேய்ச்ச கீறல். இது தானா வந்ததில்ல, வர வச்சது. முட்டை வாசம் வேற."

கூடம் கொல்லென்று சிரித்தது. பளபளாவுக்கு முகம் செத்துப்போனது.

"ரெண்டும் ஒரே மாமனார் குடுத்ததும்மா! என் சகலையக் கேளுங்க!"

கேட்டார்கள். சகலை காதைச் சொறிந்தான். "ஆமாங்க, ரெண்டும் மாமா குடுத்ததுதான். அண்ணன் காசு ஆகாதுன்னா என்னுதும் வேணாங்க" என்று சொல்லி, தன் காசை எடுத்துச் சட்டைப்பையில் சாவிக்கொத்தோடு போட்டுக்கொண்டான். சாவி உரசிய சத்தத்தில் பளபளாவுக்குப் பல் கூசியது. நடு மேசையில் யாருடைய காசோ போய் உட்கார்ந்தது.

திரும்பும்போது சகலையின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தார். பாதி வழியில் சகலை திரும்பாமலே கேட்டான்.

"அண்ணே, ஒரு முட்டையா, ரெண்டா?"

பளபளாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அக்கா அன்னைக்கே போன்ல சொல்லிட்டாங்க."

"தெரிஞ்சேவா உன் காசை எடுத்துக்கிட்ட?"

"காசு கெடக்குது விடுங்கண்ணே. அத்தனை பேரும் சிரிக்கிறப்போ உங்க மூஞ்சியப் பார்க்க முடியல."

அவனுடைய அகன்ற முதுகையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் பளபளா. காசு போனால் போகட்டும். இப்படி ஒரு மனசு இவனுக்கு எங்கிருந்து வந்தது? இதற்கும் இவன் ஒன்றுமே செய்திருக்க மாட்டானே! அன்றைக்கு எரிந்ததுபோல் அவர் வயிறு ஒருநாளும் எரிந்ததில்லை.

"ரெண்டு" என்றார்.