லைடன்ல தட்டினது ஆக்லாந்துல கேட்டது

பேய், ஆவி, முனின்னு யாராவது ஆரம்பிச்சா எழுந்து காபி போடப் போற ஆளு நான். சாஃப்ட்வேர் டெஸ்டிங் பண்றவ, எதையும் ரெண்டு தடவை சோதிச்சுப் பார்க்காம ஒத்துக்க மாட்டேன். இதைக் கேட்டு நீங்க மனசுக்குள்ள சிரிச்சாலும் பரவாயில்ல, நானும் உங்க இடத்துல இருந்தா சிரிச்சிருப்பேன். ஆனா நடந்ததை நடந்த மாதிரியே சொல்றேன்.

கோவிட்டுக்கு சில வருஷம் முன்னாடி. வீட்டுல இருந்து வேலைன்னு சொன்னா அப்பல்லாம் ஏதோ லீவுல இருக்கிற மாதிரி பார்ப்பாங்க. நாங்க அப்ப நியூசிலாந்துல, ஆக்லாந்துக்குள்ள சான்ட்ரிங்ஹாம்ங்கிற பகுதியில வாடகைக்கு இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு ஹாலந்துல லைடன் யுனிவர்சிட்டியில ஒரு வருஷ ஆராய்ச்சி வேலை கிடைச்சுது. எனக்கோ ஆக்லாந்து வேலையை விட மனசில்ல. எங்க டீம் லீட் குகன் அண்ணா, யாழ்ப்பாணத்துக்காரர், அவர்தான் மேலிடத்துல பேசி, "அங்க இருந்தே செய்யுங்கோ, ஒரு பிரச்சினையும் இல்லை"ன்னு அனுமதி வாங்கிக் கொடுத்தார்.

லைடனைப் பத்தி நான் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன், முன்னாடியே சொல்லிடறேன். ஊர் முழுக்கக் கால்வாய், கால்வாய்க்கு மேல பாலம், பாலத்துக்கு மேல சைக்கிள். முன்னூறு நானூறு வருஷத்து வீடுங்க ஒண்ணு மேல ஒண்ணு லேசா சாய்ஞ்சு நிக்கும், ஆனா ஜன்னல் கண்ணாடி ஒவ்வொண்ணும் பளபளன்னு இருக்கும், திரை கூடப் போட மாட்டாங்க. நடைபாதைக் கல்லு இடுக்குல இருந்து ஆள் உயரத்துக்குப் பூச்செடி முளைச்சு நிக்கும், யாரும் பறிக்க மாட்டாங்க. மணிக்கூண்டுல மணி அடிக்கிறது கூட சும்மா அடிக்காது, பாட்டாவே அடிக்கும். பழசை இடிக்காம, அருங்காட்சியகமாவும் ஆக்காம, அதுக்குள்ளயே துணி துவைச்சு, சமைச்சு, பிள்ளை வளர்த்து வாழறாங்க பாருங்க, அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆசை தீரவே இல்ல.

எங்க வீடும் அப்படி ஒரு பழைய வீடுதான். ஒடுக்கமா, உயரமா. மாடிப்படி ஏணி மாதிரி செங்குத்தா இருக்கும். எங்க பொண்ணு நிலாவுக்கு அப்ப மூணு வயசு முடிஞ்சிருந்தது, அவ விழுந்துடுவாளோன்னு பயந்து நாங்க மூணு பேரும் கீழதான் படுத்துக்குவோம். என் மேஜை மட்டும் மேல, தெருவைப் பார்த்த ரூம்ல. கீழ பின்னாடி சமையலறை, அதுக்குப் பின்னாடி சின்ன முற்றம், முற்றம் முடியுற இடத்துல நேரா கால்வாய்க்குள்ள இறங்குற கல்படி. அந்தக் காலத்துல படகுல சாமான் வந்து இறங்கினதாம். கைப்பிடி, வேலி ஒண்ணும் கிடையாது. அதனால பின்கதவை எப்பவும் தாழ்ப்பாள் போட்டேதான் வச்சிருப்போம்.

அது அவங்களுக்குக் கோடைக்காலம், காலையில சீக்கிரமே நல்ல வெளிச்சமா இருக்கும். எனக்குக் காலையில எட்டு மணின்னா ஆக்லாந்துல சாயங்காலம் ஆறு, அதனால டீமோட தினசரி வீடியோ கால் அப்பதான். அந்த வாரம் என் வீட்டுக்காரர் ஒரு கருத்தரங்குக்காக ஜெர்மனி போயிருந்தார். நிலா தூங்கிட்டிருந்தா. எழுந்தா எப்பவும் மாடிப்படிக்குக் கீழ நின்னு "மம்மி"ன்னு கத்துவா, அதுதான் வழக்கம். நான் மேல போய் உட்கார்ந்தேன். வீடியோ கால்ல குகன் அண்ணாவும் ஜெஸ்ஸுன்னு ஒரு நியூசிலாந்துக்காரப் பொண்ணும். ஆக்லாந்துல மழை, அவங்க பின்னாடி ஜன்னல் எல்லாம் இருட்டு. எனக்கு இங்க பளிச்சுன்னு வெயில்.

பேசிட்டே இருக்கும்போது குகன் அண்ணா சொன்னார், "வித்யா, உங்கட வீட்டில ஆரோ கதவு தட்டீனம். போய்ப் பாத்திட்டு வாங்கோவன்."

ஹெட்போன் போட்டிருந்ததால எனக்குக் கேக்கலைன்னு நினைப்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். கழட்டிட்டுக் கேட்டேன். ஒண்ணுமே இல்ல. ஜன்னல்ல எட்டிப் பார்த்தேன், பக்கத்து வீட்டு ஹன்னா எங்க வாசலை ஒட்டி நின்னு செடிக்குத் தண்ணி ஊத்திட்டிருக்காங்க, கதவுகிட்ட யாரும் இல்ல.

"இல்லையேண்ணா, இங்க ஒரு சத்தமும் இல்லையே."

"இல்லை, இப்பவும் தட்டுது. இரும்பால அடிக்கிற மாதிரி. உங்களுக்குக் கேக்கேல்லையோ?"

ஜெஸ்ஸும் தலையாட்டினா, அவளுக்கும் கேக்குதாம். அந்த ரூம்ல உட்கார்ந்திருக்கிற எனக்குக் கேக்கல, பூமிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ரெண்டு பேருக்குக் கேக்குது. எங்க கதவுல தட்டுறதுக்கு இரும்பு வளையம் கூடக் கிடையாது, கரண்ட் பெல்தான். ஏதோ லைன் கோளாறுன்னு சொல்லி நான் மறுபடி வேலையைப் பேச ஆரம்பிச்சேன்.

குகன் அண்ணா குரல் உசத்தி நான் கேட்டதே கிடையாது, சர்வர் மொத்தமும் படுத்தப்ப கூட மெதுவாத்தான் பேசினார். அன்னிக்குக் கத்தினார். "முதல்ல எழும்பிப் போங்கோ! போங்கோ எண்டு சொல்லுறன்!"

அந்தக் குரலுக்காகத்தான் எழுந்தேன், தட்டுற சத்தத்துக்காக இல்ல. அந்த ஏணிப்படியில பின்பக்கமா இறங்கி வாசலுக்குப் போனா, கதவு சங்கிலி போட்டபடி இருக்கு. திறந்தேன். ஹன்னா திரும்பிப் பார்த்து, கையில தண்ணி வாளியோட, என்னன்னு கேக்கிற மாதிரி புருவத்தைத் தூக்கினாங்க. அப்பதான் என் முதுகுல ஜில்லுன்னு காத்து. வாசக்கதவைத் திறந்ததும் வீட்டுக்குள்ள அந்தக் காத்து வரணும்னா பின்பக்கமும் திறந்திருக்கணும் இல்லையா.

எப்படி ஓடினேன்னு தெரியல. சமையலறைக் கதவு விரியத் திறந்து கிடக்கு, பழைய தாழ்ப்பாள் ஆணியோட கழண்டு தரையில கிடக்கு. முற்றத்துல யாரும் இல்ல. கல்படியோட கடைசிப் படியில நிலா நிக்கிறா. கால்விரல் தண்ணியில. எதிர்ல ஒரு வாத்து குஞ்சுங்களோட போயிட்டிருக்கு, இவ அதைப் பிடிக்கக் கையை நீட்டி முழுசா முன்னாடி சாய்ஞ்சிருக்கா. அப்படிச் சாய்ஞ்சா யாரா இருந்தாலும் விழணும். அவ விழல.

கூப்பிட்டா பயந்து விழுந்துடுவான்னு நான் வாயைத் திறக்கல, மெதுவா இறங்கினேன். அவ திரும்பாமலே உடம்பை உதறி, எரிச்சலா, "லெட் கோ மம்மி, லெட் கோ!"ன்னா.

சத்தியமா சொல்றேன், நான் அவளைத் தொடல. எனக்கும் அவளுக்கும் நடுவுல இன்னும் நாலஞ்சு படி இருந்தது.

தூக்கி நெஞ்சோட அணைச்சுட்டு உள்ள வந்து, சமையலறைத் தரையில அப்படியே உட்கார்ந்துட்டேன். அவ வாத்து வேணும்னு அழறா. அவ கவுனைப் பார்த்தேன். முழுசா காய்ஞ்சிருந்தது, முதுகுப் பக்கம் மட்டும் ஒரு பிடி துணி கசங்கிச் சுருண்டு, ஈரமா இருந்தது. யாரோ ஈரக்கையால கெட்டியாப் பிடிச்ச மாதிரி.

ஹன்னா திறந்த வாசல் வழியா உள்ள வந்தவங்க, என்னையும் பின்கதவையும் பார்த்தாங்க. போய்த் தன் வீட்டுலிருந்து கனமான புதுத் தாழ்ப்பாள் ஒண்ணும் திருப்புளியும் கொண்டுவந்து, அவங்களே முடுக்கிட்டு, இழுத்துப் பார்த்துட்டு, எனக்குக் காபி போட்டுக் கொடுத்தாங்க. அந்த ஊர்க்காரங்க அப்படித்தான். வாசல்ல யாராவது தட்டினாங்களான்னு கேட்டேன். யாரும் வரலை, நான்தான் நின்னேனேன்னாங்க.

மேல போனப்ப வீடியோ கால் இன்னும் ஓடிட்டிருந்தது. நான் சொல்லச் சொல்ல ஜெஸ் அழுதுட்டா. குகன் அண்ணா மட்டும், "நீங்கள் எழும்பின உடன தட்டுறது நிண்டிட்டுது"ன்னார்.

அந்த வீட்டை நாங்க மாத்தல. என் வீட்டுக்காரர் மாத்தலாம்னுதான் சொன்னார், நான் முடியாதுன்னுட்டேன். எனக்குப் பயம் வரலீங்க, நம்பினா நம்புங்க. அந்த வருஷம் முடியுற வரைக்கும் தினம் காலையில அந்தக் கல்படியில ரெண்டு பூ வச்சேன். யாருக்குன்னு கேட்டா எனக்குத் தெரியாது. நானூறு வருஷமா எத்தனை பேர் பிள்ளை வளர்த்த வீடு அது.

ஆக்லாந்து திரும்பி வந்தப்புறம் பக்குரங்காங்கிற பகுதியில வீடு வாங்கினோம், மார்ட்கேஜ் கடன், ஸ்கூல்னு ஓட்டம்தான். நிலாவோட ஏழாவது பிறந்தநாளுக்குக் குகன் அண்ணா குடும்பத்தோட வந்திருந்தார். எல்லாரும் சாப்பிடும்போது என்னைத் தனியா கராஜ் பக்கம் கூப்பிட்டார்.

"அண்டைக்கு ஒரு விசயம் நான் உங்களுக்குச் சொல்லேல்லை. பயந்திடுவீங்கள் எண்டு விட்டிட்டன். தட்டின சத்தம் மட்டுமில்லை, ஒரு மனிசியின்ர குரலும் கேட்டது. நீங்கள்தான் கதைக்கிறீங்கள் எண்டு நினைச்சன். ஸ்கிரீனில பாத்தா உங்கட வாய் அசையேல்லை."

"என்ன சொன்னாங்க?"

"விளங்கேல்லை, வேற பாஷை. ஒரே ஒரு சொல்தான் தமிழ் மாதிரிக் கேட்டது. சிட்டு, சிட்டு எண்டு. அப்பிடித் திரும்பத் திரும்ப, கெஞ்சுற மாதிரி. அதாலதான் கத்தினனான்."

குகன் அண்ணாவுக்கு என் பொண்ணு நிலாதான். ஹன்னாவுக்கும், ஸ்கூலுக்கும், எல்லாருக்கும் நிலாதான். சிட்டுங்கிறது நானும் அவ அப்பாவும் படுக்கையில, விளக்கை அணைச்சப்புறம் அவ காதுகிட்ட மட்டும் கூப்பிட்டுட்டிருந்த பேரு. அந்த லைடன் வீட்டுச் சுவத்துக்கு வெளிய யாரும் கேட்டதில்ல.

இன்னிக்கு வரைக்கும் அது என்ன பேருன்னு அவருக்குத் தெரியாது. நிலா இப்ப எனக்குச் சரிசமமா வளர்ந்துட்டா. ஆனா அன்னியிலிருந்து அவளைச் சிட்டுன்னு கூப்பிட எனக்கு வாய் வரல. பயத்தால இல்ல, அந்தப் பேரைச் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் இன்னொருத்தரும் கூடவே சொல்வாங்களோன்னு, நான் என்னை அறியாம ஒரு நிமிஷம் காதைக் கொடுத்துக் கேக்கிறேன்.