பிரேக் மாஸ்டரின் வலது கால்

டிவியில் ஒரு கார் சரேலென்று வளைவில் திரும்புகிறது. என் வீட்டு நாற்காலியில் டீ டம்ளரோடு உட்கார்ந்திருக்கும் பிரேக் மாஸ்டரின் வலது கால் தரைவிரிப்பை ஓங்கி அழுத்துகிறது. கார் எதிலும் மோதாமல் தப்புகிறது. "பாத்தீங்களா மேடம், கடைசி நிமிஷத்துல மிதிக்கிறான் படவா" என்று சொல்லிவிட்டு, காப்பாற்றியது தான்தான் என்ற திருப்தியோடு டீயை உறிஞ்சுகிறார்.

அந்தக் காலுக்கு இடம் பொருள் கிடையாது. பஸ்ஸில் மிதிக்கும். பல் டாக்டரின் சாய்வு நாற்காலியில் மிதிக்கும். லிஃப்ட் கீழே இறங்கும்போதுகூட மிதிக்கும். தூக்கத்தில் மிதித்துக் கட்டில் சட்டம் ஒருமுறை கழன்றே போனதாக அவர் மனைவி சொன்னார். வலது செருப்புதான் எப்போதும் முதலில் தேயும். "இது மட்டும் ஒத்தையா விப்பீங்களா?" என்று செருப்புக் கடையில் கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

இருபத்தாறு வருடங்களாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் கோட்டை விட்டால் இவர் மிதிப்பார். "பேங்க்ல கையெழுத்துப் போடச் சொன்னா என் கை யோசிக்கும். கால் யோசிக்கவே யோசிக்காது மேடம்" என்பார்.

ஐம்பத்து மூன்று வயது, குள்ளம், சட்டைப் பொத்தானுக்குச் சோதனை வைக்கும் தொப்பை. கக்கத்தில் எப்போதும் ஒரு குட்டி மெத்தை. குள்ளமாக இருப்பவர்கள் சீட்டில் போட்டுக்கொள்ள. பையில் பெப்பர்மின்ட் டப்பா. முதல் தடவை எஞ்சின் நின்று போய் நாம் முழிக்கும்போது ஒன்றை எடுத்து நீட்டுவார். "எஞ்சின் நின்னா உலகம் நின்னுடாது. வாயில போடுங்க." கிளட்ச்சை விடுவதற்கு அவர் சொல்லும் பாடம் ஒன்றுதான்: "தூங்கற குழந்தையைத் தோள்லேர்ந்து தலையணைக்கு மாத்தற மாதிரி விடுங்க. முழிச்சுக்கக் கூடாது."

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பெரிய நகரத்திலிருந்து எங்கள் ஊருக்கு வந்தார். அங்கே வாடகை கழுத்தைப் பிடித்தது. ஒரு அறையும் சமையலறையும் உள்ள வீட்டுக்குக் கொடுத்த வாடகையில் இங்கே மூன்று படுக்கையறை, வாசலில் இரண்டு மரம், கார் நிறுத்த இடம். ஒரே மகள் கல்யாணமாகி வெளிநாட்டில். இனி எங்கே இருந்தால் என்ன என்று நினைத்தாராம். ஒருநாள் தனியாக வந்து பார்த்து, பிடித்துப்போய், முன்பணமும் கொடுத்துவிட்டுத் திரும்பினார். "வீடு பாத்துட்டேன்" என்று சமையலறை வாசலில் நின்று அறிவித்தார். துவரம்பருப்பைக் கழுவிக்கொண்டிருந்த மனைவி நிமிராமல் கேட்டாராம்: "யாருக்கு?"

இந்தக் கதையை முதலில் மாஸ்டர் என்னிடம் சொன்னபோது இருவருமே சிரித்தோம். இரண்டாம் முறை சொன்னபோது அவர் மட்டும் சிரிக்கவில்லை.

ஊர் அவரைச் சும்மா விடவில்லை. அவருடைய நகரத்தில் சாலையில் இடம் கிடைக்காது, எடுத்துக்கொள்ள வேண்டும். "மூக்கை நுழைச்சிட்டாப் போதும், உடம்பு தானா போயிடும்" என்பதுதான் அங்கே பால பாடம். ஹாரன் அடிப்பது அங்கே 'நான் வருகிறேன்' என்று மரியாதையாகச் சொல்வது. எங்கள் ஊரிலோ ஹாரன் அடிப்பது முகத்துக்கு நேரே திட்டுவதற்குச் சமம். முச்சந்தியில் இரண்டு கார்கள் சந்தித்தால் 'நீங்க போங்க', 'இல்லை நீங்க போங்க' என்று கைகாட்டிக்கொண்டே நிற்போம். "ரெண்டு பேரும் சம்பந்தி மாதிரி உபசாரம் பண்ணிட்டு நிக்கறாங்க மேடம். பின்னாடி இருக்கறவனாவது ஹாரன் அடிக்கணுமா இல்லையா? ஊஹும்! அவன் பாட்டுக்கு மரத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கான்!"

இங்கே அவரிடம் சேர்ந்த முதல் ஆறு பேரும் லைசென்ஸ் தேர்வில் தோற்றோம். ஆம், தோற்றோம். ஆறாவது ஆள் நான். சாலையைக் கடந்த ஒரு பெரியவருக்கு மிகுந்த மரியாதையுடன் ஒரு ஹாரன் அடித்தேன். தேர்வு அதிகாரி நோட்டை மூடிவிட்டார். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாதா? தெரியும். மூன்று வாரம் அந்த மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், உங்களுக்கும் மறந்துவிடும். "உங்க ஆளுங்க எல்லாரும் சண்டைக்குப் போற மாதிரியே ஓட்டறாங்களே" என்று அதிகாரி அவரிடம் சொன்னபோது பக்கத்தில்தான் நின்றேன். மாஸ்டருக்கு முகம் சுண்டிப் போயிற்று.

மறுநாள் ஆறு வீட்டுக்கும் நடந்தே போய் மன்னிப்புக் கேட்டார். போன் பண்ணாமல் போனார் என்பதால் ஆறு வீட்டிலும் கதவைப் பாதிதான் திறந்தார்கள். எங்கள் ஊர் வழக்கம் அது. சொந்தத் தம்பியானாலும் போன் பண்ணிவிட்டுத்தான் வருவான். "அப்புறம் காலிங் பெல் எதுக்கு மேடம் வெச்சிருக்கீங்க, அழகுக்கா?" என்று பின்னாளில் கேட்டார்.

பாதி திறந்த கதவு பற்றிப் பேச எனக்கு அருகதை கிடையாது. சொல்லிவிடுகிறேன். அவர்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த மூன்றாம் நாள் அவர் மனைவி என் வீட்டு மணியை அடித்தார். கையில் ஒரு கிண்ணம். "கொஞ்சம் சர்க்கரை கிடைக்குமா?" வேலை நடுவில் எழுந்து வந்த எரிச்சலில், கதவருகிலேயே அவரை நிறுத்திவிட்டு உள்ளே போய் எடுத்துவந்து கொடுத்தேன். 'உள்ளே வாங்க' என்ற இரண்டு வார்த்தை வரவில்லை. மறுநாள் காலை என் வாசலில் அந்தக் கிண்ணம் நிறையச் சர்க்கரை, மேலே ஒரு தட்டு போட்டு மூடி இருந்தது. அதற்குப் பிறகு அவர் மணி அடிக்கவே இல்லை. அவர் வீட்டில் சர்க்கரை தீரவில்லை, பேச ஆள்தான் இல்லை என்று எனக்கு உறைக்க எட்டு மாதம் ஆயிற்று. அப்போதுதான் போன் பண்ணாமல் நானே போய் நின்றேன். கதவை முழுசாகத் திறந்தவர் சிரிக்காமல் கேட்டார்: "சர்க்கரை வேணுமா?"

அவரை எல்லோரும் 'டீச்சர்' என்பார்கள், புருஷன் உட்பட. நகரத்தில் மாஸ்டர் நடத்திய பயிற்சிப் பள்ளியின் பாதி அவர்தான். படிவம் நிரப்புவது, தேர்வில் தோற்றவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துத் தேற்றுவது, சுவரில் தொங்கும் சாலைக் குறியீட்டு அட்டையைக் குச்சியால் காட்டிப் பாடம் நடத்துவது எல்லாம் அவர். பல ஆயிரம் பேருக்குச் சாலை விதி சொல்லிக்கொடுத்தவர், ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. தேவைப்படவில்லை. பஸ் வாசலில் நிற்கும். அக்கா வீடு இரண்டு தெரு தள்ளி. ஒரு நாளைக்கு நாலு நடை போய்வருவார். இங்கே படிவமெல்லாம் கம்ப்யூட்டரிலேயே முடிந்துவிடுகிறது. கடைக்குப் போகவே கார் வேண்டும். நடு அறையில் அந்த அட்டை மட்டும் மாட்டியிருக்கிறது. "மூணு ரூம் மேடம். ஒண்ணுல நின்னு கூப்பிட்டா இன்னொண்ணுல கேக்க மாட்டேங்குது. இல்ல, கேட்டும் அவ பதில் சொல்லலையான்னு தெரியலை" என்று மாஸ்டர் ஒருநாள் என்னிடம் சொன்னார். பிறகு பெப்பர்மின்ட் டப்பாவைத் திறந்து, ஒன்றும் எடுக்காமல் மூடினார்.

போன வருடம் டீச்சர் சொன்னார்: "எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்குடுங்க. அக்கா வீட்டுக்கு நானே போகணும்."

ஆறு மணி நேரப் பயணம். பஸ்ஸில் போகலாமே என்று நான் கேட்டேன். "மூணு பஸ் மாறணும். இவர் கூட்டிட்டுப் போனாலோ, நானும் அக்காவும் பேச ஆரம்பிக்கறப்போ சாவியை ஆட்டுவார், கிளாஸ் இருக்குன்னு. இங்க வந்ததும் இவர் இஷ்டம், அங்க போறதும் இவர் இஷ்டமா?" என்றார்.

எனக்கெல்லாம் மூன்று வாரத்தில் முடிந்த பாடம் டீச்சருக்குப் பதினோரு மாதம் நடந்தது. லைசென்ஸ் முதல் தடவையிலேயே வாங்கிவிட்டார். ஹாரன் பக்கமே கை போகவில்லை. ஆனாலும் மாஸ்டர் நெடுஞ்சாலைக்கு விடவில்லை. "இன்னும் பக்குவம் வரலை." "திருப்பறப்போ தோள் இறுகுது." "மழை போகட்டும்." மழை போயிற்று. "வெயில் கண்ணைக் கூசுது, கொஞ்சம் தணியட்டும்."

ஒரு ஞாயிறு மாலை நானும் பின்சீட்டில் போனேன். டம்ளரில் வைத்த தண்ணீர்கூடத் தளும்பாத மாதிரி டீச்சர் ஓட்டினார். நெடுஞ்சாலை பிரியும் இடம் வந்தது. முன்னால் ஒரு ஈ காக்கை இல்லை. கார் நின்றது. மாஸ்டரின் கால்தான்.

"எதுக்கு மிதிச்சீங்க?"

"நான் மிதிக்கலை. கால் மிதிக்குது."

"கால் யாரோடது?"

டீச்சர் எஞ்சினை அணைத்தார். "லைசென்ஸ் குடுத்தவருக்கே இல்லாத சந்தேகம் உங்களுக்கு எதுக்கு? ஊர்ல இருக்கறவங்க எல்லாம் கத்துக்கிட்டுப் போயாச்சு. நான் மட்டும் மக்கா?"

"நீ போனா வரமாட்டே."

"வரமாட்டேன்னு சொன்னேனா?"

"வருவேன்னும் சொல்லலையே டீச்சர்."

டீச்சர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே நேராகப் பார்த்துக்கொண்டு கேட்டார். "இந்த வீட்டைப் பாத்தீங்களே, என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பே."

"சொல்லியிருப்பேன். சொல்லிட்டு வந்தும் இருப்பேன். சொல்லவே விடலையே நீங்க."

மாஸ்டர் குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதரைப் பார்த்தாலும் பாவமாக இருந்தது, அந்த அம்மாளைப் பார்த்தாலும் பாவமாக இருந்தது, சர்க்கரைக் கிண்ணமும் ஞாபகம் வந்தது. கடைசியில் மாஸ்டர் "தப்புதான்" என்றார். "வாடகையைப் பாத்தேன், மரத்தைப் பாத்தேன், உன்னைப் பாக்கலை." எனக்குத் தெரிந்து அவர் அன்றைக்குத்தான் வண்டி நின்ற பிறகு யாருக்கும் பெப்பர்மின்ட் கொடுக்கவில்லை.

அந்த வாரமே காரை மெக்கானிக்கிடம் கொண்டுபோய்த் தன் பக்கத்துப் பிரேக்கைக் கழற்றச் சொன்னார். "அந்த சீட்டுல அவ அக்கா உக்காருவா. தெரியாம மிதிச்சுட்டா?" என்று காரணம் சொன்னார். காரணம் சரியானதுதான். கழற்றியதைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்த மெக்கானிக், "மறுபடி எப்போ மாட்டணும் மாஸ்டர்?" என்று கேட்டாராம்.

"வண்டி வரட்டும்" என்றாராம் இவர்.

போன சனிக்கிழமை காலை டீச்சர் கிளம்பினார். வகுப்புகளுக்கு லீவு விட்டாயிற்று. மாஸ்டர் டயரைத் தட்டிப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்தார், துடைத்ததையே மறுபடி துடைத்தார். பின்சீட்டில் ஒரு பெட்டி, ஒரு தண்ணீர்ப் பாட்டில், சுருட்டி நூல் கட்டிய சாலைக் குறியீட்டு அட்டை. நான் அட்டையைப் பார்த்தேன். மாஸ்டரும் பார்த்தார். பையிலிருந்த பெப்பர்மின்ட் டப்பாவை எடுத்து ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் வைத்தார்.

'போயிட்டு வரேன்' என்று சொல்கிறாரா பார்ப்போம் என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். டீச்சர் சீட் பெல்ட்டை மாட்டினார். "அடுப்பை அணைச்சேனான்னு ஒரு தடவை பாருங்க" என்றார். அவ்வளவுதான்.

கிளட்ச்சை விட்டதில் குழந்தை முழித்துக்கொள்ளவில்லை. கார் வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. தெருமுனையில் குறுக்கே இன்னொரு கார் வந்துகொண்டிருந்தது. பிரேக் விளக்கு எரியவில்லை. பழக்க தோஷத்தில் மாஸ்டரின் காலைப் பார்த்தேன். அவர் ஒரு கையால் கேட்டைப் பிடித்துக்கொண்டு, வலது முழங்காலை மடக்கி, பாதத்தைத் தரையிலிருந்து தூக்கிவைத்திருந்தார். விளக்கு எரிந்தது, அணைந்தது, கார் திரும்பி மறைந்தது. அவர் ஒற்றைக் காலிலேயே நின்றுகொண்டிருந்தார்.