தள்ளிப் படு

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள் பாப்பாரப்பட்டிக்கு வாருங்கள், அந்த வீட்டைக் காட்டுகிறேன். சுவரில் குழாய் இன்னும் அப்படியே நிற்கிறது. எனக்குக் கதை கட்டத் தெரியாது. யார் என்ன சொன்னார்கள் என்பது மட்டும் மறக்காது. கேட்ட பேச்சைக் கேட்டபடியே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்காரர் சென்னப்பன் டவுன் பஸ் ஓட்டியவர். வாய் ஓயாத மனிதர். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே கடைசி சீட்டுக்காரரோடு சண்டை போடுவார். போன வருஷம் பொங்கல் முடிந்த கையோடு பக்கவாதம் வந்தது. வலது கை போனது, வலது கால் போனது, பேச்சும் போனது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பேச்சு என்றால் என் பேச்சுதான்.

"காப்பி வேணுங்களா? வேணும்னா ஒரு தடவ கண்ண மூடித் தொறங்க."

மூடித் திறப்பார். அவ்வளவுதான்.

மாடி வீட்டில் அவரை ஏற்றி இறக்க முடியவில்லை. அதனால் சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய தரைவீட்டுக்கு வாடகைக்கு வந்தோம். கருங்கல் சுவர், பலகை மச்சு. உள்ளறையில் ஒரு பெரிய தேக்குக் கட்டில். இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம். வீட்டோடு வந்த கட்டில் அது. நான்கு ஆள் சேர்ந்தாலும் அசையாது. வீட்டுச் சொந்தக்காரி சசிகலா ஓசூரில் மகனோடு இருந்தாள். நாங்கள் அவளைப் பார்த்ததே இரண்டொரு தடவைதான்.

சித்திரைக் கடைசியில் வானம் மூடிக்கொண்டே இருந்தது. மழை வருகிற மாதிரி வரும், வராது. புழுக்கத்தில் பாய்கூட நசநசத்தது. வேர்த்து வேர்த்து அவர் முதுகுப் புண் ஆறவே இல்லை. புண் கழுவ வந்த நர்ஸ் சொன்னாள்:

"முதுகு காயணும்மா. காயலைன்னா எலும்பு வரைக்கும் போயிடும். அப்புறம் ஆள் தங்காது."

அதனால்தான் ஏசி. சொகுசுக்கு இல்லை. சசிகலாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

"செவுத்துல ஒரு ஓட்டை போடறதுதானே பானுக்கா? போட்டுக்கங்க" என்றாள். எந்தச் சுவர் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அறிவழகன் என்ற மெக்கானிக் வந்தான். முப்பது வயது இருக்கும். துளை போடுகிற மிஷினை வைத்து அழுத்தினான். கல்லில் பொறி பறந்தது. ஒரு விரல் கூட உள்ளே போகவில்லை.

"என்ன ஆயா, வூடா இது, கோட்டையா? எம் மிஷினு அழுவுது."

"மெல்லப் போடுப்பா. அவருக்குச் சத்தம் ஆவாது."

"ஐயா ஓட்டுன பஸ்ஸு சத்தத்தவிடவா?"

அவர் கண் சிரித்தது. ரொம்ப நாள் கழித்து நான் பார்த்த சிரிப்பு.

அறிவழகன் சுத்தியல் கட்டையால் சுவரைத் தட்டிக்கொண்டே வந்தான். டங்… டங்… டங்… கட்டிலுக்குத் தலைமாட்டோரம் வந்ததும் சத்தம் மாறியது. பொத்… பொத்…

"ஆயா, இங்க கல்லே இல்ல. மண்ணு வெச்சு மூடியிருக்காங்க."

"சன்னலா இருக்கும்."

"சன்னலு தரையில இருந்தா ஆரம்பிக்கும்?" பென்சிலால் ஓரம் கோடு இழுத்தான். தரையிலிருந்து அவன் நெஞ்சு உயரம். ஓர் ஆள் குனிந்து போகிற அளவு. "வாசப்படியும் இல்லைங்க. கதவு நெலவு வெச்ச தடமே இல்ல. இடிச்சு, உடனே அவசரமா மூடுன மாதிரி இருக்குது."

"அப்ப உனக்கு வேல சுலபம். அங்கயே போடு."

போட்டான். வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி மிஷின் போனது. ஏசியை மேலே மாட்டி, குழாய்களைச் சுவரோடு கீழே இறக்கி, அந்தத் துளை வழியாக வெளியே விட்டான். ஏசித் தண்ணீர் போகிற குழாயும் அதே வழிதான்.

அன்று அவர் முதுகு காய்ந்தது. குறட்டை விட்டுத் தூங்கினார். நான் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தேன். நிம்மதியாக இருந்தது.

விடிந்து பார்த்தால்… அவர் கட்டிலின் ஓரத்தில் இருந்தார்.

நான் அவரை நடுவில்தான் படுக்க வைத்திருந்தேன். அவரால் புரள முடியாது. இன்னும் ஒரு சாண் நகர்ந்திருந்தால் என் மேல் விழுந்திருப்பார். சுவர்ப் பக்கம் பாதிக் கட்டில் காலியாக இருந்தது.

"ஏங்க, யாரு உங்கள நகத்துனது?"

அவர் கண்ணை மூடித் திறக்கவில்லை. சுவரையே பார்த்தார்.

போர்வையோடு சேர்த்து இழுத்து நடுவில் போட்டேன். சமையலை முடித்துவிட்டு வந்தேன். மறுபடியும் ஓரத்தில் இருந்தார்.

கூடவே ஒரு சத்தம். சொட்… சொட்…

வெளியே போக வேண்டிய தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது. துளையைச் சுற்றி மண் ஊறி, அங்கிருந்து கட்டில் மேல் சொட்டியது. காலியாக இருந்த பாதியில் மட்டும். துணியை வைத்து ஒற்றினேன். ஏசித் தண்ணீருக்கு வாசனை இருக்காது. இதற்கு இருந்தது. அரப்பு வாசனை. தலைக்கு ஊற்றிக்கொள்கிற அரப்பு. விரலில் தேய்த்தால் நுரைத்தது.

எங்கள் வீட்டில் அரப்பே இல்லை. நாங்கள் ஷாம்புக்காரர்கள்.

அறிவழகனைக் கூப்பிட்டேன். மதியமே வந்துவிட்டான். குழாயின் மேல் மட்டக் கட்டையை வைத்துப் பார்த்தான்.

"வாட்டம் வெளிய பார்த்துத்தான் இருக்குது. தண்ணி மேட்டுல ஏறி வருமா ஆயா? நீங்களே சொல்லுங்க."

"வருதே."

"குழாயில எதாச்சும் பூச்சி பூந்திருக்கும். ஊதி உட்டா சரியாப் போயிடும்."

வீட்டுக்குப் பின்னால் போனோம். அவன் குந்தி உட்கார்ந்து, குழாய் நுனியைத் துண்டால் துடைத்து, வாயில் வைத்து ஊதினான். உள்ளே களகளவென்று சத்தம் கேட்டது. நிறுத்தினான். மறுபடி மூச்சை இழுத்துக்கொண்டு ஊதப் போனான்.

அப்போது அவன் கன்னம் இரண்டும் உப்பின.

அவன் ஊதவில்லை. குழாயை வாயிலிருந்து பிடுங்கிப் போட்டுவிட்டுப் பின்னால் சாய்ந்து விழுந்தான். இருமினான். வாயைத் துடைத்தான். மறுபடி மறுபடி துடைத்தான்.

"ஆயா… உள்ள யாரு?"

"அவருதான் இருக்காரு. ஏன்?"

"திருப்பி ஊதுனாங்க."

"காத்தா இருக்கும்பா."

"காத்து இல்ல. சூடா இருந்துச்சு. வெத்தல வாசன அடிச்சுது." அவன் என்னைப் பார்க்கவில்லை. "நாளைக்கு வேற குழா கொண்டாறேன் ஆயா."

வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். மட்டக் கட்டை, ஸ்பேனர் எல்லாம் என் வீட்டில்தான் கிடந்தன. எடுக்க வரவில்லை.

சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. இடி இடித்தது. கரண்ட் போனது. அவர் அறையில் குளிர் வெளியே போகக்கூடாதென்று கதவைச் சாத்திவிட்டு, கொடியில் கிடந்த துணிகளை எடுக்க ஓடினேன். அள்ளிக்கொண்டு திரும்பினேன். அறைக் கதவு சாத்தினபடியே இருந்தது.

உள்ளே பேச்சுச் சத்தம்.

கரண்ட் இல்லை. டிவி இல்லை. என் போன் என் இடுப்பில் இருந்தது.

ஒரு பெண் குரல். வயசான குரல். பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, அலுத்துச் சலித்த குரல்.

"தள்ளிப் படு."

நான் துணியோடு நின்றேன்.

"இன்னும் கொஞ்சம். எனக்கு எடம் பத்தல."

பிறகு…

"சரி."

அது எங்கள் வீட்டுக்காரர்.

அந்தக் குரலை நான் எத்தனை மாதமாகக் கேட்கவில்லை! ஆஸ்பத்திரியில் காத்திருந்தேன். கோயிலில் வேண்டிக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்து 'அ சொல்லுங்க, ஆ சொல்லுங்க' என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி சொல்லிக்கொடுத்தேன். எனக்குச் சொல்லாத வார்த்தை. உண்மையைச் சொல்கிறேன். முதலில் எனக்கு வந்தது பயம் இல்லை, சந்தோஷம்தான். இன்னொரு வார்த்தை பேசுவாரா என்று காதைக் கதவில் வைத்தேன்.

"கை சில்லுனு இருக்குதே உனக்கு" என்றது அந்தக் குரல். "எங்கூட வந்துரு."

கதவைத் தள்ளினேன். வரவில்லை.

தோளால் இடித்தேன்.

"ஏங்க! சரின்னு சொல்லாதீங்க! ஏங்க!"

இடி இடித்தது. கதவு திறந்தது.

அவர் கட்டிலின் விளிம்பில் இருந்தார். பாதி உடம்பு வெளியே தொங்கியது.

அந்தப் பக்கம் யாரும் இல்லை.

மெத்தை மட்டும் அமுங்கியிருந்தது. தலை. தோள். இடுப்பு. ஓர் ஆள் அளவுக்கு ஈரம்.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே…

அமுங்கின இடம் மெல்ல மேலே எழும்பியது.

படுத்தவர் எழுந்தால் எழும்புமே… அப்படி.

அரப்பு வாசனை என்னைத் தாண்டிப் போனது.

இண்டூரில் இருக்கும் என் அக்கா மகன் தமிழ்மணிக்குப் போன் போட்டேன். "இப்பவே வண்டி எடுத்துட்டு வா" என்று மட்டும் சொன்னேன். அவன் வரும்வரை அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. தமிழ்மணி வந்து அவரைத் தூக்கியபோது அவருடைய நல்ல கை கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்தது. ஒவ்வொரு விரலாகப் பிரித்தோம்.

"என்ன சித்தி, இப்பிடி நனைஞ்சு கிடக்குது மெத்தை? மழ உள்ள அடிச்சுதா?"

"ஆமாண்டா" என்றேன்.

இண்டூரில் தமிழ்மணி வீடு புது வீடு. சிமெண்டுச் சுவர், ஃபேன் காற்று. அவர் பிறகு பேசவே இல்லை. நடுவில் படுக்க வைத்தால் நடுவிலேயே இருந்தார். புண்ணும் காய ஆரம்பித்தது. பிழைத்துவிட்டார் என்று நினைத்தேன். மாதம் முடிவதற்குள், ஒரு விடியற்காலையில், தூக்கத்திலேயே போய்விட்டார்.

நாள் பார்க்கிறவர் வந்தார். நட்சத்திரத்தைக் கணக்குப் போட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"அடைப்பு நட்சத்திரங்க. வாசல் வழியா எடுக்கக் கூடாது. செவுத்த இடிச்சு அந்த வழியா எடுக்கணும். சுடுகாட்டுல இருந்து திரும்பறதுக்குள்ள மூடிடணும்."

"புதுச் செவுருங்க" என்றான் தமிழ்மணி. "லோனே முடியல. இந்தக் காலத்துல போயி…"

அவனை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த நேரத்தில் எனக்கு எதுவுமே காதில் ஏறவில்லை. வாசல் வழியாகத்தான் எடுத்தார்கள்.

துக்கம் கேட்க சசிகலா ஓசூரிலிருந்து வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டாள்.

"பானுக்கா, ஏசிக்கு எந்தச் செவுத்துல ஓட்ட போட்டீங்க?"

சொன்னேன். அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"எங்க மாமியாருக்கும் நட்சத்திரம் சரியில்ல. அந்தச் செவுத்த இடிச்சுத்தான் எடுத்தாங்க. போன வழியாத்தான் திரும்பி வருவாங்களாம். வந்து பாத்தா வழி இருக்கக் கூடாதுன்னு அன்னிக்கே மண்ணு வெச்சு மூடுனோம்."

"அரப்பு தேய்ச்சா குளிப்பாட்டுனீங்க?"

"ஆமா… உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அவளே தொடர்ந்தாள்.

"மாமனாருக்கும் உங்க வீட்டுக்காரரு மாதிரியே கை கால் வராது. அந்தக் கட்டில்லதான் ரெண்டு பேரும் படுப்பாங்க. ராத்திரி எல்லாம் எங்களுக்குக் கேக்கும், 'தள்ளிப் படு, தள்ளிப் படு'ன்னு. கெழவி செத்தப்புறமும் மாமனாரு ஓரத்துலயேதான் படுத்தாரு. 'அவ வருவா, எடம் வேணும்'பாரு. சாகற வரைக்கும் செவுத்தயே பாத்துட்டுக் கெடந்தாரு."

நான் கெஞ்சிக் கேட்டதால் அறிவழகன் ஏசியைக் கழற்றப் போனானாம். மெஷின் வந்துவிட்டது. குழாய் மட்டும் வரவில்லை. "அந்தப் பக்கத்துல இருந்து புடிச்சு இழுக்கறாங்க ஆயா" என்றான் போனில். அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டான். அதைத்தான் முதலில் சொன்னேன்.

நான் இப்போது இண்டூரில்தான் இருக்கிறேன். அவர் படுத்திருந்த கட்டிலில், நடுவில் படுக்கிறேன். விடியும்போது ஓரத்தில் இருக்கிறேன்.

வாசல் கதவைத் தாழ் போட்டுத்தான் படுக்கிறோம். எடுத்துப் போன வழி அதுதானே… அவருக்குத் தெரியாதா?

"தள்ளிப் படு" என்கிற குரல் இப்போதும் கேட்கிறது.

பெண் குரல் இல்லை.